எட்டாம் மாதம் இருபதாம் நாள்

பூசான்
1951 நவம்பர் 12

பெரியத்தானுக்கு, உங்கள் தம்பி மனைவி ஒக்நம் வணங்கி எழுதுவது.

குளிர் இறங்கிவிட்டது. உங்களுக்கும் பெரியக்காவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? போர்முனைக்குப் போன உங்கள் மூத்த மகன் ஜுனிக் கடிதம் போடுகிறானா? நானும் மகள் கும்ரேயும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், உயிரோடு. என் அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிப் பலகையும் தகரமும் வைத்து ஒரு அறை போட்டுக்கொண்டோம். பகலில் சந்தையில் உட்கார்ந்து ராணுவச் சட்டைகளைப் பிரித்துச் சாதாரணச் சட்டைகளாகத் தைக்கிறேன். கும்ரேக்கு ஏழு வயதாகிறது. இந்த ஊர்ப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள்.

அக்காவின் பிரசவத்துக்குக் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று போன வருடம் ஜூனில் கிளம்பி வந்தவள் நான். வந்த கையோடு சண்டை மூண்டது. வடக்குப் படை நம் சோல்மே வரை இறங்கி, இலையுதிர் காலத்தில் திரும்பி ஓடியது. பூசானை மட்டும் அவர்களால் தொட முடியவில்லை. இப்போது சண்டை எல்லைக் கோட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். இனி நான் ஊருக்கு வரலாம்தானே?

உங்கள் தம்பியைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஊரில் இல்லை என்று. ஊரில் இல்லாதவர் வேறு எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா?

போன வாரம் துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் வந்து, அக்கா போட்டுக்கொடுத்த பார்லிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "புருஷன் வடக்கே போயிட்டானா, செத்துப் போயிட்டானா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, நான் எழுதிக்கிட்டுப் போகணும்." எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று ஒரு பத்தி அவருடைய காகிதத்தில் இல்லையாம். நான் என்ன சொல்லட்டும்?

பதிலை எதிர்பார்த்து,
ஒக்நம்

•

சோல்மே
1951 டிசம்பர் 20

கும்ரேயின் அம்மாவுக்கு, ஹாம் சங்தோக் எழுதியது.

முன்னோர் புண்ணியத்தில் இங்கு அனைவரும் சுகம். ஜுனிக்கிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. கிழக்கு மலைப் பக்கம் இருக்கிறானாம்.

முதலில் ஒன்று. கடிதத்தில் கண்டதை எழுதாதே. வழியில் பிரித்துப் படிக்கிறார்கள். போலீஸ்காரர் திரும்ப வந்தால் தெரியாது என்பதையே திரும்பச் சொல். பின்வாங்கிய படையோடு தம்பி சங்மோவும் வடக்கே போய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் வாயை மூட என்னிடம் உலைமூடி இல்லை.

நீ இப்போது வர வேண்டாம். உன் வீட்டுக் கூரை விழுந்துவிட்டது. மேலத் தெருவில் விஷக்காய்ச்சல். குழந்தையை வைத்துக்கொண்டு ரயில் கூரைமேல் உட்கார்ந்து வருவாயா?

இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். உங்கள் கிளையில் பெண் குழந்தை மட்டும்தான். பின்னால் திவசம் செய்ய ஒரு ஆண் வேண்டும். என் சின்ன மகனை உங்களுக்கு வாரிசாக எழுதிக் கொடுக்கிறேன். நல்ல பிள்ளை. நீ சரி என்றால் குடும்பப் பெரியவர்களிடம் பேசி முடித்துவிடுவேன்.

உலர்ந்த இலந்தை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு இருமலுக்கு நல்லது.

சங்தோக்

•

பூசான்
1952 ஜனவரி 15

பெரியத்தானுக்கு ஒக்நம் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா?

இலந்தை வந்தது. கும்ரே கொட்டையைக் கூட விடவில்லை.

வாரிசு விஷயம் எனக்குப் புரியவில்லை. உயிரோடு இருக்கிற ஆம்பளைக்கு யாராவது வாரிசு எழுதுவார்களா? எனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகிறது. அவர் வந்தால் நாங்களே பெற்றுக்கொள்வோம். போன வருடம் கும்ரேக்கு ஒரு கோட்டுத் துணி கேட்டபோது பஞ்சப்பாட்டுப் பாடினீர்கள். இப்போது கேட்காமலே ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். தாராளம் வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ஒக்நம்

•

சோல்மே
1952 மார்ச் 28

கும்ரேயின் அம்மாவுக்கு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாட்டுக்குக் கால் வீக்கம். பிறகு பார்லி வயலில் வேலை. பனி உருகியதும் கால்வாய்க் கரை உடைந்து, சீர்செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஊரில் இளவட்டம் யாரும் இல்லை.

வாரிசுப் பேச்சைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முன்யோசனைதான். வேண்டாம் என்றால் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

நீ கேட்ட மற்றதற்கு நான் முன்பே பதில் எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சங்தோக்

•

பூசான்
1952 மே 19

பெரியத்தானுக்கும் பெரியக்காவுக்கும் ஒக்நம் வணங்கி எழுதுவது. நலமா? எனக்கு இன்றைக்கு இருக்கிற நலம் இரண்டு வருடமாக இருந்ததில்லை.

பிடிபட்ட வடக்குப் படைக்காரர்களை அடைத்து வைத்திருக்கும் கோஜே தீவுக் கைதி முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடக்குப் படை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன நம் தெற்கத்தி ஆட்களும் அங்கே இருக்கிறார்களாம். அவர்களை மட்டும் பிரித்து இந்தக் கோடையில் விடுதலை செய்யப் போகிறார்கள். முகாமுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் ஒருவர் எங்கள் சந்தையில் டீ குடிக்க வருவார். அவரிடம் நான் கேட்காத நாளில்லை. நேற்று அவரே வந்து சொன்னார்: "உங்க சுங்சோங் மாகாணத்து ஆளு ஒருத்தர், ஹாம்னு பேரு. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி. அங்க பாதிப் பேருக்கு அவருதான் கடுதாசி எழுதித் தர்றாரு."

ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்துக்கு மயங்கித்தான் நம் ஊர் ஆலைக்காரர் அவரைக் கணக்கெழுத வைத்தார். வடக்குப் படை ஊருக்குள் வந்ததும் சுவரொட்டி எழுத அவரை இழுத்துக்கொண்டு போனதும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்று பெரியக்கா ஒரு தடவை எழுதியிருந்தார். அது அவர்தான். வேறு யாராக இருக்க முடியும்?

ஊரிலிருந்து அண்ணன் தம்பி யாராவது பொறுப்பேற்று, ஊர்த்தலைவரும் முத்திரை வைத்து ஒரு தாள் அனுப்ப வேண்டுமாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஒக்நம்

•

சோல்மே
1952 ஜூன் 24

கும்ரேயின் அம்மாவுக்கு.

இங்கு சுகம். நடவு நடக்கிறது. மழை போதவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. ஊர்த்தலைவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. என் முத்திரைக் கட்டையும் சண்டைக் குழப்பத்தில் எங்கோ போய்விட்டது. புதிதாகச் செதுக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அம்மா, அந்தத் தீவில் இருக்கிறவன் சங்மோ இல்லை. வீண் ஆசை உடம்பைத் தின்றுவிடும். சந்தை ஆட்கள் சொல்வதை நம்பி அலையாதே. தைக்கிற வேலையைப் பார். குழந்தையைப் படிக்க வை.

சங்தோக்

•

பூசான்
1952 ஜூலை 21

பெரியத்தானுக்கு ஒக்நம் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

தாள் வரவில்லை. ஒரு முத்திரையைச் செதுக்க எங்கள் சந்தையில் ஒரு மத்தியானம் போதும். சோல்மேயில் மரத்தை இன்னும் நட்டு வளர்க்கிறார்கள் போலிருக்கிறது.

விடுதலையானவர்களைப் படகில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கும்ரேயைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்தில் போய் நின்றேன். அவளுக்குத் தலை வாரி, என் பாவாடையைக் கிழித்து ஒரு நாடா கட்டியிருந்தேன். ஹாம், ஹாம் என்று கத்தினேன். ஒருவர் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். முன்பல் இரண்டு இல்லை. கோங்ஜுக்காரராம். கடிதம் எழுதித் தந்தது அவர்தான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் குனிந்து சொன்னார்: "நான் உன் புருஷனா இருந்திருக்கலாம்மா. எனக்குன்னுதான் கரையில யாரும் வரல."

ஆக, நீங்கள் சொன்னதுதான் சரி. அது அவர் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆளின் வயது உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாது. நீங்கள் விசாரிக்கவும் இல்லை. தொலைந்துபோன தம்பிக்கு ஒரு தடயம் கிடைத்தது என்றால் எந்த அண்ணனும் கூரைமேல் உட்கார்ந்தாவது ரயில் ஏறுவான். நீங்கள் நடவைப் பற்றி எழுதினீர்கள். அவர் அங்கே இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஒக்நம்

•

சோல்மே
1952 ஆகஸ்ட் 15

கும்ரேயின் அம்மாவுக்கு.

வெயில் கடுமை. குழந்தைக்குக் கொதித்த தண்ணீர் கொடு.

உன் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். பெரியவனிடம் பேசும் பேச்சா அது? இருந்தாலும் உன் துக்கத்தை நினைத்துப் பொறுத்துக்கொள்கிறேன். இனியும் உன்னை அலையவிடுவது பாவம்.

சங்மோ இறந்துவிட்டான் என்றே நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். கனவில் வந்தான். வெள்ளை உடுத்தியிருந்தான். அதனால் போன வருடமே அவன் பெயரை எழுதி வைத்துத் திவசம் செய்தேன். வெள்ளைச் சோறு, சூப்பு, இலந்தை எதுவும் குறைவில்லை. கருவாடு மட்டும் கிடைக்காமல், பக்கத்து ஊர் வரை நடந்து வாங்கி வந்தேன். உயிரோடு இருப்பவர்கள் ஒரு வேளை பசி பொறுப்பார்கள். வருடத்துக்கு ஒரு நாள் வாசலுக்கு வருகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது.

இந்த வருடமும் நம் நிலாக் கணக்கில் எட்டாம் மாதம் இருபதாம் நாள், அதாவது வரும் அக்டோபரில், செய்வேன். அன்று நீயும் வெள்ளை உடுத்தி, ஊர்ப் பக்கம் பார்த்து ஊதுவத்தி ஏற்று. மனம் ஆறும். வாரிசு விஷயத்தையும் அதோடு முடித்துவிடலாம்.

சங்தோக்

•

பூசான்
1952 ஆகஸ்ட் 30

பெரியத்தானுக்கு.

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன்.

நான் மருமகளாக வந்த முதல் வருடம் உங்கள் சித்தப்பா ஒருவருக்குத் திவசம் வந்தது. மஞ்சூரியாவுக்குப் போய்த் திரும்பாதவர். எங்கே செத்தார், எப்போது செத்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் மாவு பிசைந்துகொண்டே, நாள் தெரியாமல் எப்படித் திவசம் என்று கேட்டேன். "நாள் தெரியாதவங்க எல்லாருக்கும் ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள்தாம்மா. நாமளா ஒரு நாளை இட்டுக்கட்டக் கூடாது. பொய் நாள்ல வெச்ச சோறு அவங்க வாய்க்குப் போகாது." சொன்னது நீங்கள். ஊரிலேயே சடங்கு தெரிந்த மனிதர் என்று பேர் வாங்கியவர்.

அப்படியிருக்க, என் புருஷனுக்கு ஏன் எட்டாம் மாதம் இருபது? கனவில் வந்தவர் தேதியும் சொல்லிவிட்டுப் போனாரா?

எண்ணிப் பார்த்தேன். சண்டை மூண்ட வருடம் அந்த நாள் அறுவடைப் பண்டிகை முடிந்து ஐந்தாம் நாள். வடக்குப் படை ஓடிப்போய், நம் ஊரில் நம் ஆட்கள், வடக்குப் படைக்கு உதவியவர்களைத் தேடித் துப்பாக்கியோடு வீடு வீடாகச் சுற்றிய சமயம். இங்கே வந்த அகதிகள் எல்லோரும் அந்த நாட்களைப் பற்றித் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். வடக்கே போகிறவர் அவர்களோடு போயிருப்பார். பிறகும் ஊரில் இருந்தவரைக் கொன்றது வடக்கத்தியான் இல்லை. போர்முனையும் இல்லை. சோல்மேக்காரர்கள்.

உங்களுக்கு நாள் தெரியும். நாள் தெரிந்தால் இடமும் தெரியும். எனக்கு நீங்கள் எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதுவீர்கள். அவருக்குப் பொய் நாளில் சோறு வைக்க உங்களுக்குக் கை வராது. அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள், பெரியத்தான்.

கடைசியாகக் கேட்கிறேன். அன்றைக்கு அவர் எங்கே இருந்தார்? நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?

ஒக்நம்

•

சோல்மே
1952 செப்டம்பர் 10

அன்புள்ள ஒக்நம்முக்கு, பெரியக்கா எழுதுவது. நீயும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நான் எழுதுவது உன் பெரியத்தானுக்குத் தெரியாது. உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் படுத்தபடி கிடக்கிறார். நானும் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

சங்மோ வடக்கே போகவில்லை. சுவரொட்டி எழுதின குற்றத்துக்கு அடி வாங்கிக்கொள்ளலாம், பெண்டாட்டி பிள்ளை வரும்போது வீட்டில் ஆள் வேண்டும் என்று தங்கிவிட்டான். துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போருக்குள் அவனை ஒளித்து வைத்தோம். நான்தான் வைக்கோலை இழுத்து மூடினேன்.

எல்லாம் தெரிந்த முகங்கள். நம் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஜுனிக்கை முற்றத்துக்கு இழுத்து வந்து சுவரோரம் நிறுத்தினார்கள். அவனுக்கு அப்போது பதினெட்டு. "தம்பியக் காட்டுறியா, இல்ல மகனக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார்கள். உன் பெரியத்தான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வைக்கோல் போரைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

அவ்வளவு போதுமாக இருந்தது.

தலையெல்லாம் வைக்கோலோடு சங்மோ வெளியே வந்தான். யாரையும் திட்டவில்லை. "அண்ணே, பையன உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். அதுதான் அவன் சொன்ன கடைசி வார்த்தை. ஆலைக்குப் பின்னால் மேட்டில் நடந்தது. இவரே போய்த் தோண்டிப் புதைத்தார். பயந்துகொண்டு மண்மேடு கூட எழுப்பவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று இவர் இன்றைக்கும் முனகுகிறார். நிஜம்தான். சொல்லவில்லை. அதற்குத்தான் சின்னவனை உனக்குத் தருகிறேன் என்று தவிக்கிறார்.

நான் ஒரு தாய். ஜுனிக் பிழைத்ததற்கு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இப்போது அவனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. ராத்திரி சோறு இறங்குவதில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

உன் பெரியக்கா

•

சோல்மே
1952 செப்டம்பர் 20

கும்ரேயின் அம்மாவுக்கு.

சில நாட்களாக உடம்பு சரியில்லை. இப்போது எழுந்து நடமாடுகிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தில் கேட்டவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு எதுவும் தெரியாது. போன வருடம் நாள் குறித்ததில் எனக்குப் பிழை நேர்ந்துவிட்டது. கனவை நம்பியது என் தவறு. சடங்குப் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். நாள் தெரியாதவர்களுக்கு உரியதுதான் சங்மோவுக்கும் பொருந்தும்.

ஆகவே இந்த வருடம் முதல் அவன் திவசம் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், சித்தப்பாவோடு சேர்த்து நடக்கும். எட்டாம் மாதத்தில் எங்கள் வீட்டில் திவசம் எதுவும் இல்லை. இதை யார் கேட்டாலும் நீ இப்படியே சொல்லலாம்.

அறுவடை சுமார்தான்.

சங்தோக்

•

பூசான்
1952 செப்டம்பர் 29

பெரியத்தானுக்கு ஒக்நம் எழுதுவது. உங்கள் உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. பெரியக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஜுனிக் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்று நானும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அவன் திரும்பி வராவிட்டால் என் புருஷன் போனதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும்.

உங்கள் சின்ன மகன் உங்களுக்கே இருக்கட்டும். புருஷனைப் பிள்ளையால் ஈடுகட்ட முடியாது.

எனக்குப் பொய் எழுதிய வரை உங்களை ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்த மனிதர், அவ்வளவுதான். இப்போது அவருக்கும் பொய் நாளில் சோறு வைக்கத் துணிந்துவிட்டீர்கள். வையுங்கள். உங்கள் ஒன்பதாம் நாளில் நான் குறுக்கே வர மாட்டேன்.

எட்டாம் மாதம் இருபதாம் நாளை நான் எடுத்துக்கொள்கிறேன். போலீஸ்காரர் வந்தார். செத்துப் போனார் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எந்த நாள் என்று கேட்டார். சொன்னேன். இந்தப் பலகை அறையில் அன்றைக்கு வெள்ளைச் சோறு சமைப்பேன். அரிசி வாங்கி வைத்துவிட்டேன். கும்ரே அவள் அப்பாவை விழுந்து கும்பிடுவாள். பெண் குழந்தை கும்பிடலாமா என்று உங்கள் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

ஒரு கவலைதான் எனக்கு. அவர் பூசானுக்கு வந்ததே இல்லை. நான் ரயில் ஏறியபோது ஸ்டேஷனோடு நின்றுவிட்டார். இந்த மலைச்சரிவில் ஆயிரம் தகரக் கூரை. எது எங்களுடையது என்று அவருக்குத் தெரியாது. பழக்கத்தில் அன்று சாயங்காலம் நேராக உங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்பார்.

வந்து நின்றால், எங்கள் வீடு எங்கே என்று வழி சொல்லி அனுப்புங்கள். பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பெரியத்தான். அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஒக்நம்